அமைதிப்படைக்குப் போன என் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ கப்பலேறின அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் உருளைக்கிழங்கு உரித்தேன். தைப்பொங்கலுக்கு நீ வந்து போனது. இப்போது பங்குனி பிறந்துவிட்டது. இன்று பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை முடித்து வந்து, கையைக் கழுவி, ஜன்னலோரமாகக் கதிரையை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வர நேரமிருக்கிறது. உனக்குத் தமிழ் வாசிக்க மெல்லத்தான் வரும் என்று தெரியும். பெரியம்மா சனிக்கிழமைகளில் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் படிப்பித்த எழுத்துகள் அவை. ஒவ்வொரு சொல்லாக வாசி. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் மூச்சுச் சத்தம் கேட்கும், நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நீ எங்களிடம் வளரவில்லை. அதை நான் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. அப்பா லண்டனுக்குப் படிக்க வந்த பிறகு, விசா இல்லாமல் இங்கே வர ஏலாது என்று சட்டம் மாறியது. கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் போய்விடலாம் என்று ஊரில் கதை அடிபட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் புறப்பட்டார்கள். உனக்கு ஒன்பது வயது. இவர்களோடு போகட்டும், கொஞ்ச நாளில் அப்பா லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொள்வார் என்று அனுப்பினேன். அந்தக் கொஞ்ச நாள் முடியும்போது உனக்குப் பதினாலு வயது. நானும் லண்டன் வந்து சேர்ந்து, கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குத் தந்த நீலப் புத்தகத்தோடு உன்னைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்தேன். கதவைத் திறந்து நீ எனக்குக் கை கொடுத்தாய். ஒரு ஆசிரியைக்குக் கொடுப்பது போல. பெரியம்மா குசினிக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது. லண்டனுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இங்க என்ர பள்ளிக்கூடம் இருக்கு," என்றாய். நான் வற்புறுத்தவில்லை. அது சரியோ பிழையோ இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியம்மா உன்னை வளர்த்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளிடமிருந்து உன்னைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ மோட்டார் மெக்கானிக் வேலை பழகினாய். பதினெட்டு முடிந்து ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தாய். பாஸ்போர்ட்டுக்குப் பின்னாலேயே ஆமிக்கு வரச்சொல்லி அறிவித்தல் வந்தது. அந்த நாட்டில் எல்லாப் பெடியன்களுக்கும் வருவதுதான் என்று பெரியப்பா எங்களுக்கு விளக்கினார். மனச்சாட்சி இடம் தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும், வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து அந்தக் காலத்தைக் கழித்துவிடலாம் என்றும் சொன்னார். அப்பா இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அதையேதான் உனக்குச் சொன்னார். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆமிக்கே போனாய். உறுதிமொழி எடுத்த நாளில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாய். சாம்பல் நிறச் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி, மார்பில் அப்பாவின் பெயர். ஜெர்மன்காரருக்குக் குடும்பப் பெயரைத் தைப்பதுபோல உனக்கு அப்பாவின் பெயரைத் தைத்திருந்தார்கள். எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு பட்டியின் இரண்டு ஓரத்தையும் தொட்டு நின்றன. அப்பா படத்தை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "என்ர பேரை ஆமிச் சட்டையில தைச்சு வைச்சிருக்கிறாங்கள்," என்றார். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் அதை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்தேன்.

பிறகு பொங்கலுக்கு நீ வந்தாய். அந்த இரவுச் சாப்பாடு உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நீ உன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"எங்கட டிவிஷனிலயிருந்து ஆக்கள் பொஸ்னியாவுக்குப் போகினம். நானும் பேர் குடுத்திட்டன்."

"உன்ர காலம் முடியுதெல்லே? முடிஞ்சா வீட்ட வரவேண்டியதுதானே?" என்றார் அப்பா.

"கூடக் கொஞ்ச மாசம் நிக்கிறன் எண்டு கையெழுத்து வைச்சா போகலாம். வைச்சிட்டன்."

"அங்க போய் ஆரோட சண்டை பிடிக்கப் போறாய்?"

"சண்டை முடிஞ்சுது அப்பா. திரும்பத் தொடங்காமப் பாக்கிறதுதான் வேலை. அமைதிப்படை."

அப்பா கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தார். "அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள்ள சொல்லாத."

"இது வேற அப்பா. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை."

"எங்கட ஊருக்குக் கடல் தாண்டி வந்ததும் வேற எண்டு சொல்லித்தான் வந்தது. மாலை போட்டுக் கூப்பிட்ட சனம் நாங்கள். பிறகு உன்ர மாமாவுக்கு என்ன நடந்தது? கொம்மாவைக் கேள்."

நீ என் பக்கம் திரும்பினாய். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். தங்கச்சி மட்டும் உன் கையைச் சுரண்டி, "அண்ணா, டூ யூ ஹாவ் எ டேங்க்?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு நாளும் அப்பா உன்னோடு பேசவில்லை. நீ எழும்ப முன் வேலைக்குப் போனார், நீ படுத்த பின் வந்தார்.

மறுநாள் பின்னேரம் நான்தான் உன்னை வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளிக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சேறாக இருந்தது. நாய்களோடு நடக்கிறவர்களையும் வலை இல்லாத பந்துக் கம்பங்களையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. மாமாவைப் பற்றி நான் கதைப்பேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"டிவிஷன் டிவிஷன் எண்டு சொல்லுறியே, அது எவ்வளவு பெரிசு? அதுக்குள்ள நீ எங்க நிக்கிறாய்?"

நீ நின்றுவிட்டாய். "ஒருத்தரும் இதை என்னட்டக் கேட்டதில்லை அம்மா," என்றாய். பிறகு கதைக்கத் தொடங்கினாய். அவ்வளவு கதைப்பாய் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு ஜெனரல். அவருக்குக் கீழே பிரிகேட்டுகள். ஒவ்வொரு பிரிகேட்டுக்குள்ளும் டாங்கிப் பட்டாலியன்கள், கவச வண்டியில் போய் இறங்கி நடக்கிற காலாட்படை, பீரங்கிக்காரர். அதற்குள் கொம்பனி, அதற்குள் பிளட்டூன், கடைசியில் ஒரு டாங்கிக்குள் நாலு பேர்: கட்டளையிடுகிறவன், சுடுகிறவன், குண்டு போடுகிறவன், ஓட்டுகிறவன். இவ்வளவுதான் டிவிஷன் என்று ஆட்கள் நினைக்கிறார்கள் என்றாய். "டாங்கி ஓட நாலு பேர் காணும் அம்மா. அது நாளைக்கும் ஓட பின்னால ஒரு ஊரே வேணும்." பாலம் போடுகிறவர்கள், வயர் இழுக்கிறவர்கள், எண்ணெய் கொண்டுவருகிறவர்கள், சமைக்கிறவர்கள், காயத்துக்கு மருந்து கட்டுகிறவர்கள், திருத்துகிறவர்கள். நீ திருத்துகிறவர்களின் ஆள். உன்னுடையது பெரிய குழாய் இல்லாத டாங்கி, முன்னுக்கு ஒரு கிரேன். சேற்றில் புதைந்ததை இழுத்து எடுப்பதும், பழுதான எஞ்சினை அப்படியே முழுதாகத் தூக்கி வெளியே வைப்பதும் உன் வேலை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ஆனா அதிலயும் மெஷின் கன் இருக்கு அம்மா. என்னட்டயும் துவக்கு இருக்கு," என்று உடனே சொன்னாய். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

அந்த டிவிஷன் எப்படிப் பிறந்தது என்றும் கேட்டேன். பெரிய யுத்தம் முடிந்து பத்து வருசம் ஜெர்மனிக்கு ஆமியே இருக்கவில்லை என்றாய். பிறகு ரஷ்யாவுக்குப் பயந்து, மற்ற நாடுகளே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜெர்மன் சனம் வேண்டாம் என்று தெருவில் இறங்கி நின்றது. பழைய ஆமியில் இருந்தவர்களைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் டாங்கி தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பழைய ஆமி செய்ததை இது செய்யக் கூடாது என்று சட்டம் எழுதினார்கள். பழைய ஆமியின் டாங்கி டிவிஷன்கள் போன வழியில் எத்தனை ஊர் எரிந்தது என்று உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்தார்களாம். அப்படிப் பிறந்த டிவிஷன் முப்பது வருசத்துக்கு மேலாகக் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு, வராத டாங்கிகளுக்காகக் காத்து நின்றது. ஒருநாள் பெர்லின் மதில் விழுந்தது. காத்து நின்றதற்கு வேலை இல்லாமல் போனது. பிரிகேட்டுகளைக் கலைத்தார்கள், முகாம்களை மூடினார்கள், கிழக்கு ஆமியில் இருந்த சிலரை உள்ளே எடுத்தார்கள். உன் சார்ஜன்ட் அப்படி வந்தவர். முந்தி அவர் அந்தப் பக்கத்து டாங்கிகளைத் திருத்தினவர். "நாங்கள் சண்டை பிடிச்சிருந்தா அவர் எங்கட எதிரி. இப்ப எனக்கு வெல்டிங் பழக்கினவர் அவர்தான்," என்று சொல்லிச் சிரித்தாய். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் வளர்க்காத பிள்ளைக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது.

ஏன் ஆமிக்குப் போனாய் என்றும் அன்றுதான் சொன்னாய். அகதிகள் இருக்கிற வீடுகளுக்கு நெருப்பு வைத்த அந்த வருசங்களில், பெரியப்பா இரவில் வாளியில் தண்ணீர் நிரப்பி மாடிப்படியில் வைத்துவிட்டுப் படுத்தாராம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. "அப்பத்தான் நினைச்சனான், நான் இந்த நாட்டு ஆள் எண்டா எல்லாத்திலயும் இந்த நாட்டு ஆளா இருக்கோணும். வயோதிபர் இல்லத்தில வேலை செய்தா அங்கயும் என்னை வெளிநாட்டான் எண்டுதான் பாப்பினம். ஆமிச் சட்டையைப் போட்டா ஒருத்தரும் கேக்கேலாது," என்றாய். அது நல்ல காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது உன் காரணம். எங்களுடைய பயத்திலிருந்து நீ செய்ததல்ல.

திரும்பி வரும்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஒண்டும் செய்யாத ஒரு ஆளைச் சுடச் சொல்லி உனக்கு மேல இருக்கிறவன் சொன்னா என்ன செய்வாய்?"

"செய்யக் கூடாது. சட்டம் இருக்கு அம்மா. அப்படிச் சொன்னாலும் செய்யக் கூடாது எண்டு முதல் மாசமே படிப்பிச்சவை. செய்தா எனக்கும்தான் தண்டனை."

"சட்டம் சொல்லுறது விளங்குது. நீ என்ன செய்வாய்?"

நீ சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்தாய். ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. "தெரியாது அம்மா," என்றாய் கடைசியில். "அப்படி ஒரு இடத்தில நான் இன்னும் நிண்டதில்லை."

நீ "சுடமாட்டன்" என்று உடனே சொல்லியிருந்தால், நான் அன்றிரவே அப்பாவோடு சேர்ந்து உன்னைத் தடுத்திருப்பேன். தெரியாது என்று சொன்னதால்தான் உன்னைப் போகவிட எனக்கு மனம் வந்தது. தன்னைப் பற்றித் தெரியாது என்று தெரிந்தவன் கொஞ்சம் நின்று பார்ப்பான். அந்தக் கொஞ்சம் போதும் என்பது எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்று இப்போது சொல்கிறேன்.

மாமாவை ஆமி சுட்டது என்ற ஒரு வரிதான் உனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். அவர் அப்போது லண்டனில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தார். நான் அவருக்கு எழுதினது அந்த ஒரு வரி. நீங்கள் எல்லோரும் போன பிறகு உன் மாமா, என் தம்பி, எனக்குத் துணையாக நம் வீட்டில் இருந்தான். எண்பத்தேழு ஐப்பசி, எங்கள் ஊருக்கு அமைதிப்படை வந்த வருசம். ஊரடங்கு. ஷெல் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரம் வெளியே போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சந்தி பேக்கரியில் பாண் போடுகிறார்களா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். நான் ஒழுங்கை முகப்பு வரை கூடவே வந்தேன். சந்தியில் ஒரு டாங்கி நின்றது. அவ்வளவு பெரிய ஒன்றை அந்தச் சந்தியில் அதற்கு முன் கண்டதில்லை. அது திரும்பின இடத்தில் மதகு உடைந்து கிடந்தது. அதைச் சுற்றி ஐந்தாறு ஆமிக்காரர். உன் மாமா கிட்டப் போனதும் யாரோ கத்தினார்கள். எங்களுக்குத் தெரியாத மொழி. நில் என்றார்களோ, போ என்றார்களோ, கையை உயர்த்து என்றார்களோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் சைக்கிளைத் திருப்பினான். வீட்டுக்கு வரத்தான் திருப்பினான். அவர்களுக்கு அது தப்பி ஓடுவது போலத் தெரிந்திருக்கும். ஒரு வெடிதான் கேட்டது.

நான் ஓடிப் போனேன். அவன் தலையை மடியில் எடுத்து வைத்தபோதே உயிர் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். சுட்டவன் டாங்கிக்குப் பக்கத்தில் நின்றான். மீசை அரும்பின பெடியன். துவக்கை இப்போது எனக்கு நேரே பிடித்திருந்தான். அது நடுங்கியது. வாய் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. டாங்கிக்குள்ளிருந்து வயதில் மூத்த ஒருவர் குதித்து வந்து, துவக்கின் குழாயைக் கையால் பிடித்துக் கீழே அழுத்தினார். உடனே அந்தப் பெடியன் நிலத்தில் குந்தி, வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தான். மூத்தவர் என்னிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை, தம்பி. கொல்லச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெடியன் பயந்தான்.

அவன் ஒரு அரக்கன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? நினைக்க முடியவில்லை. பத்து வருசமாக அந்த முகம் என்னோடு இருக்கிறது. பள்ளிக்கூடக் குசினியில் பாத்திரம் கழுவும்போது வரும், பஸ்ஸில் வரும், கோயிலில் தீபம் காட்டும்போது வரும். என் தம்பியின் முகம் மங்கிவிட்டது, படத்தைப் பார்த்துத்தான் நினைவுபடுத்துகிறேன். சுட்டவன் முகம் மங்கவில்லை. இந்த முறை நீ வந்து, படியடிக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு நின்றபோது வயதை யோசித்தேன். அவனுக்கும் அப்போது உன் வயதுதான் இருக்கும். நான் ஏன் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை.

அப்பாவின் கோபத்தை நீ பிழையாக எடுக்காதே. அது அங்கே நிற்கக் கிடைக்காதவரின் கோபம். அவருக்கு ஒரு ஆமியைத் தெரியும், ஒரு ஆளைத் தெரியாது. எனக்கு ஒரு ஆளைத் தெரியும். அதனால்தான் போகாதே என்று நான் சொல்லவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஊர் மொழியைப் படி. ஆமியில் அட்டையில் எழுதித் தந்ததைப் பார்த்து வாசிக்கிறது போதாது. நில், பயப்படாதே, பிள்ளை, தண்ணீர், திரும்பிப் போ என்று சொன்னால் அவர்களுடைய ஆள் சொன்னதுபோல அவர்கள் காதில் விழ வேண்டும். உனக்கு அது வரும். பத்து வயதிலேயே பெரியப்பாவோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி மொழிபெயர்த்தவன் நீ. பயம் வந்தால் பயமாயிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனிடம் வாய்விட்டுச் சொல். வெட்கப்படாதே. பக்கத்தில் இருப்பவன் பயந்து நடுங்கினால், அந்த மூத்தவர் செய்ததைச் செய். அவனுடைய துவக்கைப் பிடித்துக் கீழே அழுத்து. அவரைவிடக் கொஞ்சம் முந்திச் செய்.

நீ போன நாளில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு அப்பா வருவார் என்று நான் நினைக்கவேயில்லை. நீயும் நானும் ஹாரிச் துறைமுகத்துக்குப் போகிற ரயிலுக்குக் காத்து நின்றபோது, தபால் பிரிக்கிற இடத்து ஜாக்கெட்டோடு, இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு, சனத்துக்குள் நெருக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் உன்னைப் பார்க்காமல் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார்.

"கப்பல் எப்ப?"

"பின்னேரம் அப்பா."

"சாப்பாடு?"

"அம்மா கட்டித் தந்தவ."

"அங்க குளிர் கூடவோ?"

"ஓம். மலைப் பக்கம்."

ரயில் வந்து நின்றது. நீ பையைத் தூக்கினாய். அப்பா உன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். "என்ர பேரைப் போட்டுக்கொண்டு போறாய்," என்றார். "பாத்து நட." நீ தலையை ஆட்டிவிட்டு ஏறினாய். உன் கண் கலங்கியதை நான் கண்டேன். அவர் காணவில்லை, அவர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஃபொரஸ்ட் கேட் வரை அவர் ரயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "அந்தப் படத்தை எங்க வைச்சனீ?" என்று கேட்டார். இப்போது அது முன்னறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் வைக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி, முத்திரை வாங்க வேண்டுமென்று மேசையில் வைத்திருந்தேன். நேற்று நீ போன் எடுத்தாய். உன் குரல் சரியில்லை. சரயேவோவுக்கு வெளியே ஒரு கிராமத்தில், பள்ளத்தில் சரிந்த லொறியை இழுக்கப் போனீர்கள் என்றாய். பாதி எரிந்த ஒரு வீட்டின் முன்னால் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பிள்ளைகள் சேற்றில் விளையாடினார்கள். நீ வண்டியிலிருந்து இறங்கி, படித்து வைத்திருந்த சொல்லில் வணக்கம் சொன்னாய். அவள் ஈர உடுப்பை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். "ஏன் அம்மா? நாங்கள் உதவி செய்யத்தானே வந்தனாங்கள். அது அவளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாய். தொலைபேசி அட்டை முடியப் போகிறது என்று மெஷின் பீப் அடித்தது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். லைன் அறுந்துவிட்டது. அதனால் இந்தத் தாளை இணைக்கிறேன்.

அவளுக்குத் தெரியும், தம்பி. உன் வண்டியில் என்ன கொடி, நீ எதற்கு வந்தாய் எல்லாம் தெரியும். உன் நாட்டு ஆமி ஐம்பது வருசத்துக்கு முன் வேறு சட்டையில் அதே மலைக்கு வந்தது என்றும் அவள் தாய் சொல்லியிருப்பாள். இந்தச் சண்டையில் வந்தவர்களும் ஏதோ ஒரு நல்ல காரணம் சொல்லித்தான் வந்திருப்பார்கள். அவள் உன் மனதைப் பார்க்கவில்லை. உன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன். அவளிடம் நன்றி எதிர்பார்க்காதே. சிரிப்பு எதிர்பார்க்காதே. நல்ல மனதோடு போனவனுக்கு அது கிடைக்காதபோது கோபம் வரும். அந்தக் கோபமும் பயத்தைப் போலத்தான், துவக்குப் பிடித்த விரலுக்கு இறங்கிவிடும்.

நாளைக்கும் அந்த வழியால் போக வேண்டி வரும். வீட்டுக்குக் கிட்ட வரும்போது வேகத்தைக் குறை, காயப்போட்ட உடுப்பில் சேறு தெறிக்கக் கூடாது. கதவைத் தட்டாதே. பிள்ளைகளுக்கு இனிப்பு நீட்டாதே. இழுக்க வேண்டியதை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். பார்க்கட்டும். நீ காலம் முடிந்து திரும்பிப் போன பிறகு, உடுப்புக் காயப்போடும்போதோ பாத்திரம் கழுவும்போதோ உன் முகம் அவளுக்கு ஒருநாளும் நினைவுக்கு வரக் கூடாது. அவள் உன்னை மறந்துவிட வேண்டும், ராசா. அப்படி நடந்துகொள்.

அம்மா